நாலு சக்கரமும் இழுக்கிற காருக்கு அலைந்த கதை

எங்கள் தோட்டத்து ஜீப்பின் முன் சக்கரங்களில், நட்டநடுவில், கையால் திருப்புகிற மாதிரி ஒரு மூடி இருக்கும். ஹப் லாக் என்பார்கள். ஆனி, ஆடி மழையில் தார் ரோடு முடிந்து மண் பாதை தொடங்குகிற இடத்தில் டிரைவர் அண்ணன் வண்டியை நிறுத்துவார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் குந்துவார். வலது பக்கம் ஒரு திருப்பு, இடது பக்கம் ஒரு திருப்பு. மறுபடி ஏறி உட்கார்ந்து, கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கிற குட்டைக் கம்பியை இழுத்ததும் அடியில் 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்கும். "இப்ப நாலும் இழுக்கும் தம்பி, கெட்டியாப் பிடிச்சுக்க" என்பார். பின்னால் காய் எடுக்கப் போகிற பெண்கள் தூக்குச்சட்டியோடு பன்னிரண்டு பேர் இருப்பார்கள். அத்தனை பேரையும் சுமந்துகொண்டு ஜீப் அந்தச் சேற்றில் முக்கி முனகி ஏறும்.

வீடு கம்பத்தில். தோட்டம் கேரளாவில், வண்டன்மேட்டுப் பக்கம், மூன்று ஏக்கர் ஏலக்காய். கம்பம் பள்ளத்தாக்கில் ஏராளமான குடும்பங்களுக்கு இதுதான் பிழைப்பு. விடியற்காலையில் கம்பம்மெட்டு ஏறுவது, பொழுது சாய இறங்குவது. கீழே வெயில் கொளுத்தும், மேலே போனால் சாரலும் பனிமூட்டமும். ஒரே பயணத்தில் இரண்டு ஊர் தட்பவெப்பம், இரண்டு மாநிலம், இரண்டு மொழி.

பதினேழு வயதில் அதே ஜீப்பில்தான் ஓட்டப் பழகினேன். ஒரு நாள் மண் பாதை முடிந்த பிறகும் நாலு வீலை எடுக்க மறந்து தார் ரோட்டில் ஏற்றிவிட்டேன். முதல் வளைவிலேயே ஸ்டியரிங் கல்லாகிப் போனது. வண்டி எகிறி எகிறிக் குதித்தது. குட்டைக் கம்பியை இழுத்தால் வரவில்லை. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "வளைவுல முன் சக்கரம் ஒரு தூரம் ஓடும், பின் சக்கரம் ஒரு தூரம் ஓடும். சேறுன்னா வழுக்கி விட்டுக்கொடுக்கும். தாரு எங்கடா விட்டுக்கொடுக்கும்?" என்றார். பத்தடி ரிவர்ஸ் எடுத்ததும் கம்பி தானாகக் கழன்றது. பதினோரு வருஷம் கழித்து, ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போன இடத்தில், இந்தத் திட்டுதான் என் பணத்தைக் காப்பாற்றியது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் ஜீப் பழகிய அந்த வருஷம் 2003. டி.வி.யில் உலக ராலி சாம்பியன்ஷிப் காட்டுவார்கள். நீல நிறக் கார், தங்க நிறச் சக்கரம். சுபாரு இம்ப்ரெஸா. பெட்டர் சோல்பெர்க் என்கிற நார்வேக்காரர் அதை ஓட்டி அந்த வருஷம் பட்டம் வென்றார். பனியில், சரளைக்கல்லில், சேற்றில், ஜீப் முனகி ஏறுகிற மாதிரியான பாதைகளில் அந்தக் கார் நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் பறந்தது. நாலு சக்கரமும் இழுக்கிறது, ஆனால் யாரும் இறங்கி எதையும் திருப்பவில்லை. ஜீப்பை மட்டுமே பார்த்து வளர்ந்தவனுக்கு இது எப்படி இருந்திருக்கும்!

சுபாரு என்றால் ஜப்பானிய மொழியில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் என்று பின்னால்தான் தெரிந்தது. அந்தக் காரின் முகத்தில் இருக்கிற சின்னத்தில் ஆறு நட்சத்திரங்கள். ஐந்து கம்பெனிகள் சேர்ந்து ஒன்றானதற்கு அடையாளம் என்று அவர்கள் கணக்கு. நமக்குக் கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர். எங்கள் அப்பத்தா வானத்தில் காட்டிய அதே கூட்டம் ஒரு காரின் மூக்கில் ஒட்டியிருக்கிறது என்றதும், விதியே கைகாட்டிவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு. இருபது வயதில் இப்படியெல்லாம்தான் தோன்றும்.

நிஜம் வேறு மாதிரி இருந்தது. சுபாரு தன் பெயரில் இந்தியாவில் கடை விரித்ததே இல்லை. ஜப்பானில் பழைய கார் கொள்ளை மலிவு, கப்பலில் இறக்கிவிடலாம் என்று நண்பன் ஒருவன் ஆசை காட்டினான். விசாரித்தால், இறக்குமதி செய்கிற பழைய கார் தயாராகி மூன்று வருஷத்தைத் தாண்டியிருக்கக் கூடாது, மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும், போதாததற்கு வரி காரின் விலையையே விழுங்கும். அதாவது மலிவான கார் என்ன காரணத்தால் மலிவோ, அந்தக் காரணத்துக்காகவே உள்ளே விடமாட்டார்கள்.

ஆனால் ஒரு குறுக்குவழி இருந்தது. சுபாருவைச் செய்த ஃபுஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸில் 2005 வரை ஜெனரல் மோட்டார்ஸுக்குப் பங்கு இருந்தது. அந்த உறவில், சுபாரு ஃபாரஸ்டர் இந்தியாவில் செவர்லே ஃபாரஸ்டர் என்ற பெயரில் கொஞ்ச காலம் விற்றது. ஆறு நட்சத்திரத்துக்குப் பதில் செவர்லே சின்னம். பானெட்டைத் திறந்தால் அதே படுத்த வாக்கு பாக்ஸர் என்ஜின், 2 லிட்டர், சுமார் 120 குதிரைசக்தி. எப்போதும் நாலு சக்கரத்துக்கும் இழுவை. ராலிக் காரின் சாதுவான அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2014இல் கோட்டயம் பக்கம் ஒன்று விற்பனைக்கு வந்தது. கேட்ட விலை இரண்டே கால் லட்சம். ஜீப் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். வண்டி பளபளவென்று இருந்தது. புரோக்கர் சேட்டன் மியூசிக் சிஸ்டத்தைப் போட்டுக் காட்டினார். அண்ணன் அதையெல்லாம் கவனிக்கவில்லை. நாலு டயரையும் சுற்றிச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். முன்னால் இரண்டு புதுசு, பின்னால் இரண்டு தேய்ந்தது, அதிலும் ஒன்று வேறு கம்பெனி. "தம்பி, இத ஒரு காலி கிரவுண்டுக்குக் கொண்டு போ" என்றார்.

சர்ச் மைதானம் ஒன்று இருந்தது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, முதல் கியரில், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஒரு வட்டம் போடச் சொன்னார். ஏ.சி.யை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டுச் சுற்றினேன். கால் வட்டம்கூட முடியவில்லை. யாரோ கைப்பிரேக்கை இழுத்த மாதிரி வண்டி இழுத்துப் பிடித்தது. டயர் 'கிர்க்... கிர்க்...' என்று தரையை உரசியது. எனக்குச் சட்டென்று பதினேழு வயது ஞாபகம் வந்தது. அண்ணன் வெளியிலிருந்து சிரித்துக்கொண்டே, "நம்ம ஜீப்பு மாதிரியே இருக்கா?" என்றார்.

விஷயம் இதுதான். எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கிற காரில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே ஒரு உறுப்பு இருக்கும். அந்தக் காரில் அது ஒரு பல்சக்கரக் கட்டு, அதோடு பிசுபிசுப்பான திரவம் நிறைந்த ஒரு டப்பா. வளைவில் முன்னும் பின்னும் வேறு வேறு தூரம் ஓடும்போது விட்டுக்கொடுப்பது பல்சக்கரத்தின் வேலை, அளவுக்கு மீறி விட்டுவிடாமல் கொஞ்சம் வழுக்கியபடியே பிடித்துக்கொள்வது டப்பாவின் வேலை. நாலு டயரும் ஒரே அளவில் இருந்தால் நேர் ரோட்டில் டப்பாவுக்கு ஓய்வு. இரண்டு புதுசும் இரண்டு மொட்டையுமாகப் போட்டால், நேர் ரோட்டிலும் அது ஓயாமல் வழுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சூடேறிச் சூடேறி ஒரு நாள் இறுகிவிடும். டயரின் சுற்றளவு கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது என்று சுபாரு சொல்வது இதனால்தான். முன்னால் வைத்திருந்தவர் இரண்டு டயர் காசை மிச்சம் பிடித்திருக்கிறார். அந்த மிச்சம் என் தலையில் விடிய இருந்தது. உதிரிபாகம் எங்கே தேடுவது என்பது அடுத்த கேள்வி. வாங்காமல் வந்தோம். 2017இல் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியாவில் விற்பனையையே நிறுத்தியபோது, அந்த மைதானத்தை மனதுக்குள் ஒருமுறை கும்பிட்டுக்கொண்டேன்.

ஆனாலும் ஆசை விடவில்லை. இடையில் ஒரு சாதாரண முன்சக்கர இழுவைக் கார் வாங்கி ஓட்டினேன். மெட்டு ரோட்டில் மழை நாளில், ஏற்றத்துக் கொண்டை ஊசி வளைவில், உள்பக்கத்து முன் டயர் 'விர்ர்' என்று சுற்றும், வண்டி நின்ற இடத்தில் நிற்கும். ஏற்றத்தில் பாரம் பின்னுக்குப் போய்விடுகிறது, முன் சக்கரம் இலேசாகிவிடுகிறது, இலேசான சக்கரத்தைத்தான் என்ஜின் சுற்றுகிறது. பின்னால் வருகிற லாரிக்காரர் ஹாரன் அடிப்பார். அந்த நேரத்தில் எனக்குச் சோல்பெர்க் ஞாபகம் வந்தால் அது என் தப்பா?

சரி, நம் நாட்டில் முறையாக விற்று, அப்போது செகண்ட் ஹேண்டில் கிடைத்த நாலு சக்கர இழுவைக் கார்கள் என்னென்ன என்று ஒரு நோட்டில் எழுதினேன். மிட்சுபிஷி லான்சர் ஈவோ 2010இல் இங்கே வந்தது. புதிதில் அரைக் கோடி பக்கம். பழையதும் என் கனவில்கூட வராத விலை, வெட்டிவிட்டேன். மஹிந்திரா எக்ஸ்.யூ.வி. 500இல் நாலு சக்கர இழுவை உள்ளது நல்ல வண்டி, ஆனால் உயரம். வளைவில் சாய்கிறது. ரெனோ டஸ்டர் ஏ.டபிள்யூ.டி. 2014இல் வந்தது, 110 குதிரைசக்தி டீசல், பின் சஸ்பென்ஷன் மற்ற டஸ்டரைவிட ஒரு படி மேல், மலை ரோட்டுக்கு அருமை. வேகம் என்று பார்த்தால் கொஞ்சம் குறை. ஹோண்டா சி.ஆர்.வி. 2.4 பெட்ரோல் சொகுசு. ஜீப் காம்பஸ் டீசல் 4x4, 173 குதிரைசக்தி, மனசுக்குப் பிடித்தது. அப்போது விலை எட்டவில்லை. ஸ்கோடா யெட்டி 4x4, 2 லிட்டர் டீசல், 140 குதிரைசக்தி, 320 நியூட்டன் மீட்டர் இழுவை, ஆறு கியர். பார்க்கப் பெட்டி மாதிரி இருக்கும், ஓட்டினால் கார் மாதிரி வளையும். கடைசியாக, நோட்டில் மூன்று முறை அடிக்கோடு போட்டது, ஸ்கோடா சூப்பர்ப் வி6. 3.6 லிட்டர், 260 குதிரைசக்தி, நாலு சக்கர இழுவை. வெளியே பார்த்தால் கலெக்டர் வண்டி, உள்ளே புலி. பெட்ரோல் குடிக்கிற பயத்தில் யாரும் சீண்டாததால் விலை தரையில் கிடந்தது.

பணம் வந்த கதை தனி. 2018 ஆகஸ்ட் மழையில் இடுக்கி அணை 26 வருஷத்துக்குப் பிறகு திறந்தார்கள். மலைச்சரிவில் எங்கள் தோட்டத்தில் அரை ஏக்கர் மண்ணோடு இறங்கிவிட்டது. மீதியில் அழுகல் நோய். அந்த வருஷம் கார் பேச்சே இல்லை. ஆனால் எல்லோருக்கும் மகசூல் போனதால் அடுத்த வருஷம் விலை ஏறியது. 2019 ஆகஸ்ட்டில் புற்றடி ஏல மையத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை போனது. எங்களிடம் இருந்தது கொஞ்சம் காய்தான், எங்களுக்குக் கிடைத்ததும் அந்த உச்ச விலை இல்லை. ஆனாலும் கடன் அடைத்தது போக ஆறு லட்சம் நின்றது. அம்மா நகை என்றார். நான் கார் என்றேன். ஒரு வாரம் வீட்டில் சாப்பாடு பேச்சில்லாமல் பரிமாறப்பட்டது.

எர்ணாகுளம் பக்கத்தில் ஒரு யார்டில் சூப்பர்ப் வி6, நாலே முக்கால் லட்சம். இந்த முறையும் அண்ணன் கூடவே. வண்டி உயிரோடுதான் இருந்தது. என்ஜின் சத்தம் கேட்டதுமே எனக்குக் கை நடுங்கியது. வட்டப் பரீட்சையில் தேறியது. டயர் நாலும் ஒரே கம்பெனி, ஒரே வயது. நான் கிட்டத்தட்ட அட்வான்ஸை எடுத்துவிட்டேன்.

அண்ணன் பின் சீட்டில் உட்கார்ந்து, சீட் பெல்ட்டை மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தார். முழத்துக்கு முழம், கிணற்றில் கயிறு இழுக்கிற மாதிரி. பெல்ட் முழுக்க வெளியே வந்து நின்றது. கடைசி ஒரு முழத்தில், நகக்கண் அகலத்துக்கு ஒரு காவி நிறக் கோடு. அதற்கு மேலே கறுப்பு, அதற்குக் கீழே சாம்பல் பூத்த கறுப்பு. அண்ணன் ஒன்றும் பேசவில்லை. டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னியைத் தூக்கி, ஜாக்கியின் மரைக்குள் சுண்டுவிரலை விட்டு எடுத்துக் காட்டினார். பொடி மணல். மாவு மாதிரி நைஸான வண்டல்.

2018 வெள்ளத்தில் ஆலுவாவும் பறவூரும் மூழ்கியது பெரியாற்றில்தானே. அந்தப் பெரியாற்றிலிருந்துதான் முல்லைப்பெரியாறு வழியாக 1895லிருந்து எங்கள் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் வருகிறது. இறங்கி நடக்கும்போது அண்ணன் சொன்னார்: "நம்ம வயலுக்கு வர்ற தண்ணிதான் தம்பி. கார் குடிக்கக் கூடாது."

வெள்ளத்தில் நின்ற காரை வெளியில் கழுவிவிடலாம். வயர் கனெக்டர்களுக்குள் பச்சை பூத்துக்கொண்டே போகும், ஒவ்வொரு மழைக்கும் ஒரு விளக்கு எரியும். நாலு சக்கர இழுவையைக் கட்டுப்படுத்துகிற மின்பெட்டியும் பம்ப்பும் பின் அச்சோடு, வண்டியின் அடியில்தான் தொங்குகின்றன. முதலில் முழுகுவது அதுதான். ஆகவே பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். முன்சீட் ஓடுகிற தண்டவாளத்தின் போல்ட்டில் துரு இருக்கிறதா பாருங்கள். மிதியடிக்குக் கீழே உள்ள கார்ப்பெட்டைத் தூக்கி மோந்து பாருங்கள். வாசனைத் திரவியம் தூக்கலாக அடிக்கிற வண்டி என்றால் இன்னொரு தடவை மோந்து பாருங்கள்.

டெல்லி வண்டி ஒன்றும் வந்தது. அப்போது அங்கே பத்து வருஷம் ஆன டீசலுக்குத் தடை இருந்ததால் மலிவாகத் தள்ளிவிட்டார்கள், கேரளாவுக்கு லாரி லாரியாக வந்தது. எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன். நான் பார்த்ததில் மீட்டர் அறுபதாயிரம் என்றது, பிரேக் பெடல் ரப்பர் இரண்டு லட்சம் என்றது. ரப்பரை நம்பினேன்.

யெட்டி கிடைத்தது பாலாவில். 2020 ஜனவரி. ஓய்வுபெற்ற டாக்டர், வண்டிக்கு முதலிலிருந்து அவர் ஒருவர்தான் சொந்தக்காரர். ஒரு ஃபைல் நிறைய பில், தேதி வாரியாக. டீ கொடுத்து, ஃபைலைக் கொடுத்து, "நோக்கிக்கோ" என்று பேப்பர் படிக்கப் போய்விட்டார். பதினைந்து வருஷமாகக் கார் பார்த்ததில் விற்கிறவர் பேசாமல் இருந்தது அன்றுதான்.

பில்லில் என்ஜின் ஆயில் எல்லாம் சரியாக இருந்தது. ஒன்று மட்டும் இல்லை. இந்த வகைக் காரில் சாதாரணமாக முன் சக்கரம்தான் இழுக்கும். முன் சக்கரம் வழுக்கத் தொடங்கியதும் பின் அச்சுக்கு முன்னால் இருக்கிற ஹால்டெக்ஸ் என்கிற கிளட்ச் கட்டு, எண்ணெய் அழுத்தத்தில் இறுகி, பின் சக்கரத்தையும் சேர்த்துக்கொள்ளும். அந்த எண்ணெய்க்குத் தனிக் கணக்கு உண்டு, தனி வடிகட்டி உண்டு. 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வண்டி 85,000 ஓடியிருந்தது. அந்த பில் இல்லை. சமவெளியில் ஓட்டுகிறவருக்கு அது வேலை செய்கிறதா இல்லையா என்று தெரியவே தெரியாது. பின் சக்கரம் சும்மா கூட வந்துகொண்டிருக்கும், வண்டி நன்றாகத்தான் ஓடும், ஒரு விளக்கும் எரியாது.

ரப்பர் தோட்டத்துக்குப் போகிற சரிவு ஒன்று பக்கத்தில் இருந்தது. பாசியும் ஈர இலையுமாக. முன் சக்கரத்தை அதில் நிறுத்தினேன். அண்ணன் பின் டயருக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டார். முதல் கியரில் கிளட்ச்சைச் சட்டென்று விட்டேன். முன் சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. "பின்னாடி அசையல" என்று சத்தம் வந்தது. மறுபடி. "ம்ஹூம்."

டாக்டரிடம் உள்ளதைச் சொன்னேன். அவருக்கே அதிர்ச்சி. ஐந்து லட்சம் கேட்டவர் 4,55,000க்கு ஒத்துக்கொண்டார். ஆசைப்பட்ட பொருளில் குறை கண்டதும் ஓடிவரத்தான் தோன்றும். ஆனால் என்ன குறை, எவ்வளவு செலவு என்று தெரிந்த குறை வேறு, தெரியாத குறை வேறு. வெள்ளக் காரில் தெரியாதது நூறு. இதில் தெரிந்தது ஒன்று. பெட்ரோல் பங்கில் நின்று கோயம்புத்தூர் மெக்கானிக் ஒருவரிடம் போனில் கேட்டுக்கொண்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு செலவானதை அப்படியே சொல்கிறேன். ஹால்டெக்ஸ் பம்ப், எண்ணெய், வடிகட்டி, கூலி 48,000. நாலு டயரும் ஒரே நாளில் புதுசு, 34,000. டைமிங் பெல்ட்டும் தண்ணீர் பம்ப்பும் 22,000. பெல்ட் கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் வயதிலேயே கெடும், அறுந்தால் என்ஜினே போச்சு, அதனால் பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே அர்த்தம். ஆக 1,04,000. ஆறு லட்சத்தில் மிச்சம் 41,000. அது தமிழ்நாட்டு வரிக்கே போதவில்லை. அம்மாவிடம்தான் கைநீட்டினேன். கொடுத்தார், ஆனால் இன்றுவரை காரைப் பார்க்கும்போதெல்லாம் "என் வளையல்" என்கிறார்.

காகித விஷயம். கேரள வண்டியை வாங்கி அப்படியே கே.எல். நம்பரில் ஓட்டிக்கொண்டிருக்கலாம், எல்லைதானே, யார் கேட்பார்கள் என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அந்த மாநிலப் பதிவெண் வாங்கியாக வேண்டும் என்பது சட்டம். அதற்கு முன்னாலேயே வரி கேட்டு மடக்குவார்கள். விற்கிறவர் ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் படிவம் 28 கொடுத்து என்.ஓ.சி., அதாவது தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். 29, 30 இரண்டும் பெயர் மாற்றத்துக்கு. புது நம்பருக்கு 27. பழைய கடன் ஆர்.சி.யில் நின்றால் 35ம் பேங்க் கடிதமும். முழுப் பணத்தையும் என்.ஓ.சி. கைக்கு வருமுன் கொடுக்காதீர்கள், எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் சரி. இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக்கொடுங்கள். இழப்பீடு கேட்காமல் இருந்ததற்காகப் பழையவருக்குக் கிடைத்த தள்ளுபடி, நோ கிளெய்ம் போனஸ், உங்களுக்கு வராது, அதை வைத்து விலை பேசினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

என் நேரம், எல்லாம் முடிந்து இரண்டு வாரம் ஓட்டியிருப்பேன், மார்ச்சில் ஊரடங்கு. கம்பம்மெட்டில் தடுப்பு. தோட்டத்துக்கே பாஸ் வாங்கி நடையாய் நடக்க வேண்டியிருந்தது. கார் வாசலில் தார்ப்பாய் மூடி நின்றது. தினமும் காலையில் ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிஷம் உள்ளே உட்கார்ந்திருப்பேன். அக்கம்பக்கத்தில் என்ன நினைத்தார்களோ.

அந்த வருஷ ஐப்பசி மழையில்தான் முதன்முதலாக அதை உணர்ந்தேன். மெட்டு ரோடு, மூன்றாவது கொண்டை ஊசி, தண்ணீர் குறுக்கே ஓடுகிறது. இரண்டாவது கியரில் வளைத்து, வளைவு பாதி திரும்பியதுமே ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன். முன் டயர் ஒரு நொடி வழுக்கியது. உடனே இடுப்புக்குக் கீழே யாரோ கை கொடுத்துத் தூக்கிவிட்ட மாதிரி ஒரு உந்தல். வண்டி நிமிர்ந்துகொண்டு மேலே போனது. தனியாகத்தான் இருந்தேன், சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

அந்தச் சிரிப்புக்கு ஒரு மாதத்தில் வட்டி கட்டினேன். குமுளியிலிருந்து லோயர் கேம்ப்புக்கு இறங்குகிறேன், கார்த்திகை மாதம், பனிமூட்டம். ஐயப்ப சீசன் கூட்டமும் அந்த வருஷம் இல்லை, ரோடு காலி. ஏறும்போது இவ்வளவு பிடிக்கிற வண்டி இறங்கும்போதும் பிடிக்கும் என்று உள்மனசு முடிவு பண்ணிவிட்டது. பவர் ஹவுஸுக்குப் போகிற ராட்சதக் குழாய்கள் தெரிகிற இடத்துக்கு முன்னால் ஒரு வளைவு. பிரேக் போட்டேன். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற ஏ.பி.எஸ். காலடியில் படபடவென்று அடித்தது, வண்டி நேராகப் போய்க்கொண்டே இருந்தது. தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. கீழே பார்க்கவில்லை.

நாலு சக்கரமும் இழுக்கிற கார், இழுப்பதற்குத்தான் நாலு. நிறுத்துவதற்கு எல்லாக் காருக்கும் நாலுதான். எங்கள் வீட்டு மாருதி 800க்கும் நாலு. ஈர ரோட்டில் நிற்கிற தூரத்தைத் தீர்மானிப்பது டயரும் வேகமும். இன்னும் சொல்லப்போனால் இந்த இழுவைதான் ஏமாற்றுகிறது. முன்சக்கர வண்டியில் டயர் சுற்றி, "ரோடு வழுக்குது" என்று முன்கூட்டியே சொல்லிவிடும். இதில் அந்த எச்சரிக்கை வராது. பிரேக்கில் கால் வைக்கும்போதுதான் தெரியும். அன்றிலிருந்து ஏறுகிற கியரிலேயே இறங்குகிறேன், ஜீப் அண்ணன் சின்ன வயதில் சொன்ன மாதிரி.

அண்ணனுக்கு இப்போது முட்டிவலி, ஜீப்பை மகன் ஓட்டுகிறார். மெட்டுக்கு ஒருமுறை யெட்டியில் கூட்டிப் போனேன். மழை. தார் முடிகிற இடம் வந்ததும் பழக்கதோஷத்தில் கதவைத் திறக்கப் போனார். "வேணாம்ணே, அதுவா போட்டுக்கும்" என்றேன். நம்பாத முகத்தோடு கதவைச் சாத்திக்கொண்டார். சேறு ஏறி முடிகிறவரை என் காலையும் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார். மேலே போனதும் இறங்கி, முன் சக்கரத்தின் நடுவைத் தடவிப் பார்த்துவிட்டு, "எதுல திருப்புறதுன்னே தெரியல. கெட்டா எப்படித் தெரியும்?" என்றார்.

அதைத்தானே பாலாவில் பார்த்தோம் என்றேன். வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால், தோட்டத்து ஈரச் சரிவில் அதே பரீட்சையை வைக்கிறேன். என் மகன் பின் டயர் பக்கத்தில் குந்துகிறான்.

போன மாதம் தொடுபுழாவிலிருந்து ஒரு புரோக்கர் கூப்பிட்டார். செவர்லே ஃபாரஸ்டர் ஒன்று வந்திருக்கிறதாம், நல்ல கண்டிஷனாம், ஒரு கம்ப்ளைன்ட்டும் இல்லையாம். வீட்டில் சொல்லவில்லை. நாலு டயரும் பக்கவாட்டில் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ, வண்டிக்கு அடியில் படுத்து ஒரு போட்டோ, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து ஒரு போட்டோ அனுப்பச் சொன்னேன். ராத்திரி பத்தரை மணிக்கு அனுப்பியிருந்தார். மூன்று போட்டோ. மூன்றிலும் புதிதாகப் போட்ட சீட் கவர்.